லூபஸ்: தாய் கொடுத்த நோயா?

நீங்கள் கொடுத்த நோய் அல்ல, அம்மா. கடிதத்தில் பத்துக் கேள்விகள் இருந்தாலும், ‘வயிற்றில் பிள்ளையோடு பாம்பன் கடலில் பாசி எடுக்கப் போனேனே, அதனால்தான் மகளுக்கு லூபஸ் வந்ததா?’ என்ற ஒன்றுதான் உங்களைத் தூங்கவிடவில்லை. உப்புநீருக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

நம் உடலில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் இறக்கின்றன. அந்தக் குப்பையை உடலே உடனுக்குடன் அள்ளிவிடும். லூபஸில் அந்த வேலை சுணங்குகிறது. தேங்கிக் கிடக்கும் சொந்த டி.என்.ஏ.வைக் கிருமி என்று எண்ணி, நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாக இதற்குத் துணைபோகின்றன. ஆனால் அவை மட்டும் போதாது. ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத ஜோடிகளே அதிகம். நோயாளிகளில் 10-க்கு 9 பேர் பெண்கள். கிருமியை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் இதில் பங்கு உண்டு. வெயில் தோல் செல்களைக் கொன்று குப்பையைக் கூட்டும். அதனால் மகள் இப்போது பாசிக்குப் போகவேண்டாம்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். நோய் அடங்கினால் உதிர்ந்த முடி பெரும்பாலும் வளரும். சொந்த செல்லுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் இளையவளுக்கு 1:80 என்று வந்ததற்காக அழுதிருக்கிறீர்கள். நலமாக இருப்பவர்களிலேயே 100-க்குச் சுமார் 13 பேருக்கு அப்படி வரும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு அந்தப் பரிசோதனையே வேண்டியதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கலங்கவைத்தது: ‘காலையில் அவள் கண்ணிமை உப்பியிருக்கிறது, சிறுநீர் நுரைக்கிறது, வெயிலில் தண்ணீர் போதவில்லை போலும்.’ தண்ணீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாகும், இமை உப்பாது. அந்த எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிந்து, புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கலாம். வலி இல்லாமல் நடக்கும் சேதம் இது. ஆரம்பத்தில் பிடித்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். மாதக்கணக்கில் விட்டால் டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்த நிலையில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை அவள் தினமும் விழுங்குகிறாள் என்பதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், இன்றே நிறுத்துங்கள். ‘கண் போய்விடும்’ என்று இணையத்தில் பார்த்து நீங்கள் நிறுத்திய லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் அவளுக்கு அரண். எடைக்கேற்ற அளவில் கொடுத்து, கண்ணையும் முறையாகப் பரிசோதித்து வந்தால் பார்வைக்கு ஆபத்து மிகக் குறைவு. அதை மருத்துவர் மீண்டும் தொடங்கட்டும்.

நாளைக் காலையிலேயே அவளை ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டவேண்டிய கழிவு) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளோடு அந்த வலி மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்; எதை, எத்தனை நாள் விழுங்கினாள் என்பது அவர்களுக்குத் தெரிந்தாகவேண்டும்.