கையில் எடுத்ததும் சூடேறும் டிரான்ஸ்மிட்டர்: அடாப்டிவ் மேட்சிங் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது?

கேள்வி: 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 1 வாட் தரும் கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைத்திருக்கிறோம். மேசைமேல் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்கிறது. கையில் எடுத்தால் பவர் ஆம்ப்ளிஃபயர் சூடேறுகிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, தூரமும் குறைகிறது. அடாப்டிவ் இம்பிடன்ஸ் மேட்சிங் (ஆன்டெனாவின் இம்பிடன்ஸ், அதாவது மின்னெதிர்ப்பு, மாறும்போது தானே சரிசெய்துகொள்ளும் ட்யூனர்) சேர்த்தால் மூன்றும் சரியாகிவிடுமா?

பதில்: சூடும் பேட்டரியும் பெரும்பாலும் சரியாகும். தூரம் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குத் திரும்பி வராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ட்யூனரில் கைவைக்க வேண்டும்.

ஆன்டெனாவை 50 ஓம் என்று வைத்துத்தான் எல்லோரும் சர்க்யூட் வரைகிறோம். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கணக்கு வேறு. 3.6 வோல்ட்டில் 1 வாட் தர அது பார்க்க வேண்டிய லோடு (மின்சுமை), வோல்ட்டேஜின் வர்க்கத்தை பவரின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும்: சுமார் 6.5 ஓம். ஆன்டெனாவின் 50 ஓமை டிரான்சிஸ்டருக்கு 6.5 ஓமாகக் காட்டுவதுதான் நடுவிலுள்ள மேட்சிங் நெட்வொர்க்கின் வேலை.

இப்போது விரல் ஆன்டெனா மேல் படுகிறது. இந்த அலைவரிசையில் தசையின் டைஎலக்ட்ரிக் மாறிலி சுமார் 55, காற்றுக்கோ 1. அதனால் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அலைவரிசை கீழே இறங்கி, எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் கெட்டு எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்; 1:1 என்றால் முழுப் பொருத்தம்) 3:1-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் பக்கம் 6.5 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் சொச்சமும் வரலாம், 19 ஓம் சொச்சமும் வரலாம். எது வரும் என்பது திரும்பி வரும் அலையின் கோணத்தை (ஃபேஸ்) பொறுத்தது. குறைந்த பக்கம் போனால் கரண்ட் ஏறும், சூடாகும். கூடிய பக்கம் போனால் வோல்ட்டேஜ் முட்டிக்கொண்டு அலை வெட்டுப்படும், பக்கத்துச் சேனலில் கசிவு கூடும். உங்கள் கருவி சூடேறுகிறது என்றால் குறைந்த பக்கம் போகிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். நடுவில் கால் அலைநீள லைன் ஒன்றைச் சேர்த்தால் அதே 3:1 மறுபக்கம் போய்விடும். எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் 3 டெசிபல் அட்டென்யுவேட்டர் (பவரைப் பாதியாகக் குறைக்கும் உறுப்பு) ஒன்றை வையுங்கள். அப்போது ஆன்டெனா முழுவதும் கெட்டுப்போனாலும் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 3:1-ஐத் தாண்டாது. இப்போது கையில் எடுத்தாலும் கரண்ட் பெரிதாக அசையவில்லை என்றால், குற்றவாளி மாறும் லோடுதான். பாதி பவர் வீணாகும் என்பதால் இது சோதனைக்கு மட்டும்.

அடுத்து, இம்பிடன்ஸை அளக்கும் நெட்வொர்க் அனலைசரை எடுங்கள். ஆன்டெனாவில் சிறு கோஆக்சியல் கேபிளைப் பற்றவைத்து, அதன்மேல் ஃபெரைட் மணிகளைக் கோத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளே ஆன்டெனாவாகிப் பொய் சொல்லும். ஸ்மித் சார்ட்டை (இம்பிடன்ஸைப் புள்ளியாகக் காட்டும் வட்ட வரைபடம்) திரையில் வைத்துக்கொண்டு விரலை மெல்ல அருகில் கொண்டுபோனால், தொடும் முன்பே புள்ளி நகரத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். மேசைமேல், இடது கையில், வலது கையில், சட்டைப் பையில் என்று ஒவ்வொரு நிலையிலும் புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். சில மீட்டர் தள்ளி ரிசீவரை வைத்து, மேசைமேல் இருக்கும்போதும் கையில் இருக்கும்போதும் சிக்னலை ஒப்பிடுங்கள். 7 டெசிபல் குறைகிறது என்று வையுங்கள். 3:1-இல் திரும்பி வருவது கால் பங்கு பவர். அதனால் வரும் நஷ்டம் 1.25 டெசிபல்தான். ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் பவர் குறையவில்லை என்றால், மீதி 5.75 டெசிபலில் பெரும்பகுதியைக் கையும் உடலும் உறிஞ்சியோ மறைத்தோ விட்டன. எந்த ட்யூனரும் அதை மீட்டுத் தராது. ட்யூனரும் தன் பங்குக்கு அரை டெசிபல் அளவில் தின்னும். 2:1-இல் மொத்த நஷ்டமே அரை டெசிபல்தான் என்பதால், அங்கே ட்யூனர் வைத்துத் தூரத்தில் லாபம் பார்க்க முடியாது.

ஆகவே முதலில் ஆன்டெனாவை விரல் படாத மூலைக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். அப்புறம், இப்போதுள்ள நிலையான மேட்சிங்கையே கையில் இருக்கும் நிலையை ஒட்டி மாற்றுங்கள். பலரும் ஆன்டெனாவை வெறும் காற்றில் வைத்து அழகாக 50 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கருவி வேலை செய்யப்போவது கையில். மேட்சிங்கும் அங்கேதான் நன்றாக இருக்க வேண்டும். மேசைமேல் 2:1 வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பிறகும் ஸ்மித் சார்ட்டில் புள்ளிகள் 3:1 வட்டத்துக்கு வெளியே சிதறிக் கிடந்தால் அடாப்டிவ் மேட்சிங் நியாயமான செலவுதான். அதிலும் வோல்ட்டேஜுக்கேற்பத் தொடர்ச்சியாக மாறும் கெபாசிட்டரான வராக்டரை நான் முதலில் எடுக்க மாட்டேன். 1 வாட்டில் வரும் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை) வோல்ட்டேஜே அதன் மதிப்பை ஆட்டி ஹார்மோனிக்கை (அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னலை) உண்டாக்கும். சுவிட்ச் மூலம் இணைக்கும் கெபாசிட்டர்கள், நான்கைந்து நிலைகள், அவ்வளவு போதும். முன்செல்லும் பவரையும் திரும்பும் பவரையும் பார்க்க ஒரு டைரக்ஷனல் கப்ளர் வேண்டும். அது பவரின் அளவை மட்டும்தான் சொல்லும், கோணத்தைச் சொல்லாது. நிலைகள் சில மட்டுமே என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடலாம்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. திரும்பும் பவர் மிகக் குறைவாக உள்ள நிலையே சிறந்தது என்று மென்பொருள் எழுதிவிடாதீர்கள். ட்யூனரே பவரை வெப்பமாக்கித் தின்றாலும் திரும்பி வருவது குறையும். கப்ளருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒவ்வொரு நிலையின் சொந்த நஷ்டத்தையும் முன்பே அளந்து அட்டவணையாகப் போட்டு, கூடவே ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் கரண்டையும் சேர்த்து முடிவெடுக்கச் செய்யுங்கள். நிலை மாற்றுவதை இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் மட்டும் வையுங்கள். பாக்கெட் போகும்போது மாற்றினால் ஃபேஸ் குதித்து, அந்தப் பாக்கெட்டே ரிசீவருக்குப் புரியாமல் போகலாம். கை அசைவு மில்லிசெகண்ட் கணக்கில் மாறுவதில்லை, அதனால் அவ்வளவு அவசரமும் தேவையில்லை.