மாத்திரை மாறினால் உடம்பு ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

கேள்வி: நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இம்முறை பலதுறை மருந்தகத்தில் வேறு நிறுவனத்தின் மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து வயிறு கலங்குகிறது. தரம் குறைந்த மருந்தா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் ஜெனரிக் மருந்தை, அதாவது முதலில் வந்த மூல மருந்தைப் போலவே பிற நிறுவனங்கள் தயாரிப்பதை, சுகாதார அறிவியல் ஆணையம் ஆராய்ந்து பதிவு செய்கிறது. பொதுவாக, மூல மருந்தையும் ஜெனரிக்கையும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து ஒப்பிட்டிருப்பார்கள். இரத்தத்தில் சேரும் மொத்த அளவும் உச்ச அளவும் புள்ளியியல் கணக்கில் மூல மருந்தின் 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் நிற்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, மாத்திரையில் 20 விழுக்காடு மருந்து குறையலாம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்த அளவில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 3.5 விழுக்காடுதான்.

மாறுவது மருந்தோடு கலக்கும் மாவு, பசை, சாயம், மேல்பூச்சு. ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். அதில் ‘எக்ஸ்ஆர்’ என்று இருந்து புதியதில் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். எக்ஸ்ஆர் மாத்திரை மருந்தைப் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சாதாரண மாத்திரை சீக்கிரமே கரைந்துவிடும், வயிற்றைக் கலக்கும். இரண்டு அட்டைகளையும் மருந்தாளரிடம் காட்டுங்கள். வகை ஒன்றேதான் என்றால் சாப்பிடும்போதோ சாப்பிட்ட உடனேயோ போடுங்கள். எக்ஸ்ஆர் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

நிறமும் வடிவமும் மாறியதால் வரும் கவலையே குமட்டலையும் தலைசுற்றலையும் உண்டாக்குவதுண்டு. அந்தத் தொல்லை உண்மையானது. பிரமை என்று யாரும் ஒதுக்கக்கூடாது. தொந்தரவு நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை தீர்ந்தால் ஜொகூரில் கிடைப்பதை வாங்குகிறேன். பரவாயில்லையா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினில் இது வேண்டாம். அளவு சற்றே ஏறினாலும் படபடப்பு, தூக்கமின்மை. இறங்கினால் அசதி, மலச்சிக்கல். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்பு மருந்துகள், உறுப்பு மாற்று சிகிச்சைக்கான டாக்ரோலிமஸ் ஆகியவையும் இப்படித்தான். 1968ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தில் நிரப்புப் பொருளான கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் எடை மாறவில்லை. ஆனாலும் இரத்தத்தில் அளவு ஏறி, நோயாளிகளுக்கு நச்சு அறிகுறிகள் தோன்றின.

முடிந்தவரை ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே கேட்டு வாங்குங்கள். மாற்ற நேர்ந்தால் 6 முதல் 8 வாரத்தில் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை அவசியம். இம்மருந்தின் அளவு இரத்தத்தில் நிலைப்பட அவ்வளவு நாளாகும். காலையில் வெறும் வயிற்றில், கோப்பி குடிப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஈரமும் வெளிச்சமும் இதைக் கெடுக்கும் என்பதால் அட்டையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: பழைய மாத்திரை மிச்சம் இருக்கிறது. புதியதோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். அது இரண்டிலும் ஒன்றென்றால் இரட்டை அளவு உள்ளே போகும். கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மருந்தில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கமே வரலாம். காலாவதி நாளைப் பார்த்து, பழையதை முடித்த பிறகே புதிய அட்டையைப் பிரியுங்கள்.