குடத்துக்குள் தெரியும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் சேர்ந்து 23 குழந்தைகள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். அண்மையில் தன்னார்வ அமைப்பொன்று இரண்டு டேப்லெட்டுகளும் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் பொருத்துச் சாமான்களும் தந்து, வாரம் இரண்டு பாடவேளை 'கலையும் வடிவமைப்புத் தொழில்நுட்பமும்' நடத்தச் சொல்லியிருக்கிறது. எனக்கு வரைய வராது. கரும்பலகையில் எதையாவது வரைந்து காட்டினால் எல்லாரும் அதையே வரைகிறார்கள். காட்டாவிட்டால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. களிமண் பிசையச் சொன்ன அன்று ஒரு குழந்தையின் தந்தை வந்து, "இதற்காகவா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓவியத்தையும் தொழில்நுட்பத்தையும் ஒன்றாக எப்படிக் கற்பிப்பது? வரையத் தெரியாத நான் இதைச் செய்யலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'எனக்கு வரைய வராது' என்ற வரி. நம்மில் பெரும்பாலோர் இதைச் சொல்லத் தொடங்குவது ஏறக்குறைய ஒன்பது, பத்து வயதில், அதாவது இப்போது உங்கள் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் வயதில்தான். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளிவந்த தம் நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஏழிலிருந்து ஒன்பது வயது வரை குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிவதுபோல வரைய வேண்டும் என்ற கவலை வருகிறது. தன் மாடு மாடுபோல இல்லை என்று முதன்முதலில் உணரும் குழந்தை, பக்கத்துப் பையனின் மாட்டைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கிறது. அந்த மலையும் சூரியனும் குடிசையும் அப்படிப் பென்சிலை வைத்துவிட்டவர்களின் தஞ்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் குறை சொல்ல முடியாத, மனப்பாடம் செய்த படம் அது.

அந்தக் கவலைக்கு முந்தைய படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குடத்தை வரையும் குழந்தை உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து வரையும். பேருந்தின் தகட்டுச் சுவரைத் தாண்டிப் பயணிகளின் கால்கள் தெரியும். பாட்டி வயிற்றில் அவர் சாப்பிட்ட தோசை இருக்கும். மேசையை வரைந்தால் நான்கு கால்களும் நான்கு பக்கமும் விரிந்து கிடக்கும். நான் நான்காம் வகுப்பில் வரைந்த குடத்தின் தண்ணீரை என் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, "மண்குடம் கண்ணாடியா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். பின்னாளில் ஒரு பட்டறையில் மோட்டார் பம்பின் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: இரும்பு உறையை நெடுக வெட்டித் திறந்ததுபோல உள்ளே இருக்கும் சுழலியும் அச்சும் தண்ணீர் போகும் வழியும் தெரியும்படி வரைந்திருந்தார்கள். பொறியாளர் அதைக் குறுக்குவெட்டுத் தோற்றம் என்கிறார். நான்கு கால்களும் விரிந்து கிடக்கும் அந்த மேசையோ, இனிப்புக் கடைக்காரர் மடிப்பதற்கு முன் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியின் விரிப்பைப் போன்றது. ஒரு பொருள் எப்படித் தோன்றுகிறது என்பதை விட்டுவிட்டு, அது எப்படி ஆகியிருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் படத்தைக் குழந்தை தானாகவே வரைகிறது. நாம்தான் அதைப் பிழை என்று திருத்துகிறோம். திருத்திவிட்டு, ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பாலிடெக்னிக்கில் சேர்த்து அதையே காசு கொடுத்துக் கற்கச் சொல்கிறோம்.

இதனால்தான் ஓவியம், தொழில்நுட்பம் என்ற இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் பார்க்க விரும்புகிறேன். இந்த வயதில் அவை இன்னும் பிரியவே இல்லை. செய்வதற்காக வரையும்போது, படம் அழகாக இருக்கிறதா என்ற கவலை பின்னுக்குப் போய், அதை வைத்துச் செய்ய முடியுமா என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. வரைய வராது என்று ஒதுங்கிய குழந்தை மீண்டும் பென்சிலை எடுப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தலையாட்டிப் பொம்மையைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். 'அதைச் செய்து கொண்டு வா' என்று சொல்லாமல், 'தள்ளினாலும் விழாத ஒன்றை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்காகச் செய்ய வேண்டும், உள்ளே என்ன இருக்கும் என்று முதலில் வரை' என்று சொல்லுங்கள். யாருக்காக என்பது முக்கியம். இங்கிலாந்தில் 1990இல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை ஐந்து வயதிலிருந்தே கட்டாயமாக்கினார்கள். பயன்படுத்தப்போகிறவரை மனத்தில் வைத்துத் திட்டமிடுவதும், செய்து முடித்ததைச் சோதித்துக் குறை காண்பதும் அங்கே செய்வதற்கு நிகரான பங்கு பெறுகின்றன. உங்களுக்குப் பெட்டியோடு வந்த பாடத்தின் பெயர் அங்கிருந்து புறப்பட்டதாக இருக்கலாம். உடைந்த பிளாஸ்டிக் பந்தின் பாதி, களிமண், பழைய திருமண அழைப்பிதழ் அட்டை ஆகியவை போதும். பலர் களிமண்ணைத் தலையில் வைத்து அழகான முகம் செய்வார்கள், பொம்மை விழும். அப்போது உதவிக்குப் போகாமல் இருப்பதுதான் ஆசிரியரின் கடினமான வேலை. களிமண்ணை அடியில் அப்பியவனின் பொம்மை நிமிர்ந்து நிற்பதைப் பக்கத்தில் இருப்பவள் பார்ப்பாள். கனம் கீழே இருக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். பிறகு முதல் வரைபடத்தை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே இரண்டாவதை வரையச் சொல்லுங்கள். நீங்கள் மதிப்பிட வேண்டியது அந்த இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான். பொம்மையின் அழகுக்கு மதிப்பெண் போட்டால், அடுத்த முறை கடையில் செய்து விற்கும் மாடல்தான் வகுப்புக்கு வரும்.

அழைப்பிதழ் அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, இரு பக்கமும் முடிச்சிட்ட நூலால் பின்னட்டையோடு இணைத்தால் ஒரு நெம்புகோல். அந்த நூல்தான் அதன் அச்சு. அதன் ஒரு முனையில் மீனை ஒட்டி, இன்னொரு பட்டையைத் துளையிட்டு இணைத்து இழுத்தால் மீன் ஆடும். இழுக்கும் துளையை அச்சுக்கு அருகில் போட்டால் மீன் அதிகமாக ஆடும், தள்ளிப் போட்டால் குறைவாக ஆடும். அச்சின் மறுபுறம் போட்டால் எதிர்த்திசையில் போகும். இதை அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுகிறோம். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்து 1978இல் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து உருவாக்கிய மாதிரிகளையும் தேடிப் பாருங்கள். மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை டியூப் துண்டுகளில் செருகிச் சதுரம் செய்தால் அது சாய்ந்து சாய்சதுரமாகும், முக்கோணம் செய்தால் அசையாது. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அதன் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். தமிழகத்தில் கைவேலைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியாக எல்லாப் பாடங்களையும் கற்பிக்க நினைத்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அது பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. மண்ணிலிருந்து மீளத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்று நினைக்கும் ஒருவருக்கு, வகுப்பறையில் களிமண்ணைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? வகுப்பில் யாருடைய வீட்டுத் தொழிலும் அவர் பிள்ளைக்கென ஒதுக்கப்படவில்லை, எல்லாரும் எல்லாமும் செய்கிறார்கள் என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். பெண்பிள்ளைகளுக்குக் கோலமும் தையலும், ஆண்பிள்ளைகளுக்குச் சுத்தியலும் என்று போகாமல் இருப்பதும் இதில் அடங்கும். அவர் பிள்ளை செய்த ஆடும் மீனை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அதில் எந்தத் துளையை ஏன் மாற்றினாள் என்று அவளே சொல்லட்டும்.

டேப்லெட்டுகளில் வரையும் செயலிகளை நான் இப்போதைக்குத் திறக்கமாட்டேன். விரலால் தொட்டதும் வண்ணம் நிரம்பும் கருவி, பொருளின் கனத்தையும் எதிர்ப்பையும் கற்பிப்பதில்லை. அதன் கேமராவைப் பயன்படுத்துங்கள். களிமண் பூனையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, நொடிக்கு 12 படங்கள் வீதம் ஓடவிட்டால் பூனை நடக்கும். ஐந்து நொடி நடைக்கு 60 படங்கள் என்ற கணக்கைக் குழந்தைகளே போட்டுக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பெட்டியை ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம்.

நீங்கள் செய்யலாமா என்று கேட்டீர்கள். கல்வி உரிமைச் சட்டம் கலைக்கும் பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்களைச் சொல்வது 100 குழந்தைகளுக்கு மேல் உள்ள ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான். உங்கள் 23 பேருக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. கரும்பலகையில் வரைந்து காட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அடுத்த பாடவேளையில் பள்ளிக் குடிநீர்க் குழாயைக் கழற்றி நடுவில் வைத்து, அவர்களோடு தரையில் அமர்ந்து நீங்களும் வரையுங்கள், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று. முடிந்தால் உங்கள் படத்தையும் குழந்தைகளின் படங்கள் சிலவற்றையும் எனக்கு அனுப்புங்கள். யார் வரைந்தது எது என்று எழுத வேண்டாம்.

அன்புடன்.