வாசகர் கேள்வி பதில்: சுவரில் ஒட்டிய படம் பாடம் நடத்துமா?

கேள்வி: நான் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. இன்ஃபோகிராஃபிக் எனப்படும் தகவல் வரைபடங்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாணவர்கள் அவற்றை ரசிக்கிறார்கள். ஆனால் அதே செய்தியைத் தேர்வில் கேட்டால் விழிக்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது?

பதில்: படத்தைப் பார்ப்பதோடு மாணவர்களின் வேலை முடிந்துவிடுவதுதான் குறை. சொல்லும் படமும் சேர்ந்து வரும்போது செய்தி இரு வழிகளில் மனத்தில் பதிகிறது என்று உளவியலாளர் ஆலன் பைவியோ விளக்கினார். எனினும், பாடத்தோடு ஒட்டாத அலங்காரங்கள் கற்றலைக் கெடுக்கும் என்பதை கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விற்பனைக்கு வரும் சுவர்ப்படங்கள் பலவற்றில் அலங்காரமே மேலோங்கி நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பாடவேளை முழுவதும் அதை வாசிக்கச் செய்து பாருங்கள். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் இறந்த காரணங்களை மாதவாரியாகக் காட்டி, 1858இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட வட்ட வரைபடம் இதற்கு மிகப் பொருத்தமானது. போர்க் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே மிகுதியான உயிர்களைப் பறித்தன என்பதை, நீல நிறப் பகுதிகளின் பரப்பே சொல்லிவிடுகிறது. "இதில் எண்ணிக்கையைக் குறிப்பது ஆரமா, பரப்பா?" என்று கேளுங்கள். ஆரம் 2 மடங்கானால் பரப்பு 4 மடங்காகும் என்பதைக் கணக்குப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகள், அந்த விதி ஒரு படத்தை நேர்மையானதாகவும் ஆக்கும், பொய்யானதாகவும் ஆக்கும் என்பதை அப்போதுதான் உணர்வார்கள். அதே பாடவேளையில், செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காத ஒரு பட்டை வரைபடத்தைக் காட்டினால், சிறு வேறுபாடு எப்படி மலையாகத் தோன்றுகிறது என்பதும் விளங்கும்.

அதன் பிறகு, அவர்களையே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். இரண்டு பக்கப் பாடத்தை ஒரே தாளில் அடக்க முற்படும் மாணவர், எதை விடுவது, எதற்கு எது காரணம், எதை அம்புக்குறியால் இணைப்பது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். பாடம் புரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

கேள்வி: கணினி இல்லாத வகுப்பில், ஓவியமும் வராத மாணவர்கள் இதைச் செய்ய இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். 1786இல் புள்ளிவிவர வரைபடங்களின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் தம் வரைபட நூலை வெளியிட்டபோது எந்தக் கணினி இருந்தது? கட்டமிட்ட தாள், அளவுகோல், இரண்டு மூன்று வண்ணப் பென்சில்கள் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால், வண்ணத்தோடு கோடு, புள்ளி போன்ற நிரப்புகளையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் அளிக்கும்போது, படத்தின் அழகைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வரைந்தவர் அதைச் சுட்டிக்காட்டி வாய்மொழியாகத் தரும் விளக்கத்தைக் கேளுங்கள்.