எந்தத் திறனை முதலில் வளர்ப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் நானும் நண்பர்களும் பஸர்பீட்டர் என்ற இணையக் கூடைப்பந்து முகாமைத்துவ விளையாட்டை விளையாடுகிறோம். என் அணியில் 18 வயதுக்காரர் இருவர். ஒருவர் 185 செ.மீ., மற்றவர் 208 செ.மீ. வாரத்துக்கு ஒரு பயிற்சியாக மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். ஒன்றுமே ஏறின மாதிரித் தெரியவில்லை. எந்தத் திறனுக்கு முதலிடம் கொடுப்பது?

பதில்: தம்பி, நீங்கள் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. திறன்களின் புள்ளி உள்ளுக்குள் தசமமாகக் கூடுகிறது, முழு எண் மாறும்போதுதான் நம் கண்ணில் படும். ஐந்து திறன்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐந்தும் பாதி வழியில் நிற்கும். அதனால் முதல் வேலை, வாராவாரம் மாற்றுவதை நிறுத்துவது.

இரணைமடுக் குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துத்தானே சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கிறார்கள்? பயிற்சி நிமிடங்களும் அப்படித்தான். ஓர் ஆட்டம் 48 நிமிடம், வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் ஓரிடத்துக்கு 144 நிமிடம். ஒருவருக்கு முழுப் பயிற்சி கிடைக்க, பயிற்சி தரும் இடத்தில் அவர் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். ஆக, ஆடுகளத்தில் ஒரே இடத்தில் ஆடுபவருக்கு மட்டும் பலன் தரும் ஓரிடப் பயிற்சியில் மூன்று பேருக்குத்தான் முழுப்பலன். ஈரிடப் பயிற்சியில் ஆறு பேரைச் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் மெதுவாகத்தான் ஏறுவார்கள்.

இனி எந்தத் திறன் என்பதற்கு வருவோம். உயரம் கூடியவருக்குக் கூடைக்கு அருகில் ஆடும் உட்புறத் திறன்கள் வேகமாக ஏறும், உயரம் குறைந்தவருக்குக் கூடைக்குத் தள்ளி ஆடும் வெளித்திறன்கள். வயது ஏற ஏற எல்லாமே மந்தமாகும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக் கஷ்டமான, ஆனால் ஆட்டத்துக்குக் கட்டாயம் வேண்டிய திறனை 18, 19 வயதிலேயே பிடித்துவிட வேண்டும். சுலபமாக ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் யாருக்கும் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான்.

உங்கள் 185 செ.மீ. பையனை, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் போயின்ட் கார்ட் ஆக்குங்கள். வெளிப்புறப் பாதுகாப்பில் தொடங்குங்கள். பலரும் குதித்து எறியும் ஜம்ப் ஷொட்டுக்குத்தான் ஓடுவார்கள், புள்ளிப்பட்டியலில் கண்ணுக்குத் தெரிவது அதுதானே! ஆனால் எதிரணிக் கார்ட்டின் ஷொட்டைக் கெடுப்பதும் பந்தைப் பறிப்பதும் இந்தப் பாதுகாப்பில்தான் தங்கியிருக்கிறது. இது பலவீனமான கார்ட் 20 புள்ளி எடுத்தாலும், தான் மறிக்கும் எதிரணி ஆளுக்கு அதைவிடக் கூடக் கொடுத்துவிட்டு வருவான். அப்புறம் பந்தைக் கையாளல், பாஸ். ஜம்ப் ஷொட் அதற்குப் பிறகு.

208 செ.மீ. பையன் விஷயத்தில் பொறுமை வேண்டும். உட்புறப் பாதுகாப்பு, உட்புற ஷொட், கூடையில் விழாத பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் மூன்றும் அவனுக்குச் சும்மாவே ஏறும். அதை மட்டும் ஏற்றினால் சம்பளமும் கூடவே ஏறி, அடுத்த பருவத் தொடக்கத்தில் கையைக் கடிக்கும். ஆரம்பத்தில் பாஸ், பந்தைக் கையாளல் போன்றவற்றில் சில வாரங்கள் செலவிடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை என்ற நட்பு ஆட்டத்தில் அவனை அந்தப் பயிற்சிக்குரிய கார்ட் இடத்தில் இறக்குங்கள். ஸ்டாமினா, ஃப்ரீ த்ரோ இரண்டுக்கும் இப்போது அவசரமே இல்லை.

தொடங்குமுன் இருவரின் வளர்ச்சி எல்லையையும் பாருங்கள். அது 'ஸ்டார்' என்ற தரத்துக்குக் கீழே இருந்தால் நீண்டகாலத் திட்டம் வேண்டாம், எல்லையை நெருங்கியதும் பயிற்சி ஊர்ந்துதான் போகும். அதோடு, உங்கள் தாக்குதல் முறை எது? பந்தை உள்ளே கொடுக்கும் 'லுக் இன்சைட்' ஆடினால் கூடையடியில் ஆடும் சென்டருக்கு, அதாவது 208 செ.மீ. பையனுக்கு, முதலிடம். வெளியிலிருந்து எறியும் 'மோஷன்' ஆடினால் கார்ட்டுக்கு. இரண்டையும் ஒரே பருவத்தில் கட்ட முயலாதீர்கள்.

கடைசியாக, ஆட்டம் முடிந்ததும் நிமிடக் கணக்கைத் திறந்து பாருங்கள். பையன் போயின்ட் கார்ட்டில் 31 நிமிடம், மற்றக் கார்ட் இடத்தில் 17 நிமிடம் ஆடியிருந்தால், ஓரிடப் பயிற்சிக்குக் கணக்கு 31தான். பலருக்குப் பயிற்சி ஏறாததற்கு இதுவே காரணம். அணித்தாளில் தொடக்க வீரர், மாற்று வீரர், மேலதிக வீரர் என்ற மூன்று கட்டத்திலும் அவன் பெயரையே போட்டு, வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி பயிற்றுநருக்குச் சொல்லிவிடுங்கள். ஆறு ஃபவுல் வாங்கியோ காயப்பட்டோ வெளியே போனாலொழிய 48 நிமிடமும் அவன் அங்கேயே நிற்பான்.