மனைவியின் அமெரிக்க விசா: எந்தத் தாளை எப்போது எடுப்பது?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பூர்வீகம் திருச்சி, இப்போது அமெரிக்கக் குடிமகன். திருமணமாகி 20 மாதங்கள் ஆகின்றன. மனைவி திருச்சியில் பெற்றோருடன் இருக்கிறார். திருமணத்துக்கு முன்பு இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். மனைவியை அழைத்துக்கொள்ளப் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டு, அடுத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டரிலிருந்து (என்விசி) மின்னஞ்சலும் வந்துவிட்டது. "பிசிசி (காவல்துறை நன்னடத்தைச் சான்று), மெடிக்கல் இரண்டையும் உடனே முடித்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பெயர் இருக்கிறது. நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? நேர்காணல் சென்னையிலேயே கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கிடைக்காது. சென்னைத் துணைத் தூதரகத்தில் படிப்பு, வேலை, சுற்றுலா விசாக்களுக்கு நேர்காணல் நடப்பதால் பலரும் இதுவும் அங்கேதான் என்று நினைக்கிறார்கள். கணவன் மனைவிக்கான குடியேற்ற விசாவுக்கு மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் துணைத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். மின்னஞ்சலில் உங்கள் கேஸ் எண் பிஎம்பி என்று தொடங்கும். பம்பாய் என்ற பழைய பெயரின் சுருக்கம் அது. மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் இப்போது வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் பாஸ்போர்ட். பிசிசி, விண்ணப்பம், கைரேகைப் பதிவு, கடைசியில் விசா என்று எல்லாமே பாஸ்போர்ட் எண்ணோடும் அதிலுள்ள பெயரோடும் கட்டப்பட்டவை. பாதி வழியில் பாஸ்போர்ட்டை மாற்றினால் மற்றவற்றையும் திரும்பத் தொட வேண்டிவரும். அதனால் மாற்ற வேண்டியிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். செல்லுபடிக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தாலும் இப்போதே புதுப்பித்துவிடுவது நல்லது.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிறப்புச் சான்றிதழில் வெறும் "கவிதா", பள்ளி டி.சி.யில் "செ. கவிதா", ஆதாரில் "கவிதா செல்வம்", பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, சர்நேம் செல்வம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தனியாக இருக்கும். அந்தப் பெயர்தான் பாஸ்போர்ட்டில் சர்நேமாக வந்திருக்கிறது என்பது அதிகாரிக்குப் பார்த்தவுடன் புரியும். டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தில் "வேறு பெயர்கள்" என்ற கேள்வி வரும்போது எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாடு சிறியதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அப்போது அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேமாக ஏறும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று மூன்றெழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். விசாவில் இருப்பதே பிறகு கிரீன் கார்டிலும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் தொடரக்கூடும். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று போகிற இடமெல்லாம் அந்த மூன்றெழுத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். இப்போதே சர்நேம் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்குவது சில வார வேலை. தந்தை பெயரா கணவர் பெயரா என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். கணவர் பெயர்தான் வேண்டும் என்று அமெரிக்க விதி எதுவும் இல்லை.

பிறந்த தேதி மட்டும் வேறு கதை. பள்ளியில் சேர்ப்பதற்காகச் சில மாதங்கள் முன்னே பின்னே போட்ட குடும்பங்கள் நம்மிடம் நிறைய. பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் தேதியில் முரண்பட்டால் உறுதிமொழிப் பத்திரத்தை நம்பி மும்பைக்குப் போகாதீர்கள். பதிவேட்டில் இருப்பது எது என்று பார்த்து, தவறான தாளைத் திருத்திய பிறகே அடுத்த அடி.

பாஸ்போர்ட் சரியாகிவிட்டதா? அப்புறம் காலாவதி ஆகாத தாள்கள். பிறப்புச் சான்றிதழ் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்ததாக, பெற்றோர் பெயருடன் இருக்க வேண்டும். மருத்துவமனை கொடுத்த சீட்டு செல்லாது. குழந்தை பெயர் என்ற இடம் காலியாக இருக்கும் பழைய சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்த்துப் புதுப்பிரதி வாங்குங்கள். பிறப்பு பதிவாகவே இல்லை என்றால், பதிவேட்டில் இல்லை என்ற சான்று வாங்கி, அதோடு பள்ளிச் சான்றிதழும் பெற்றோரின் உறுதிமொழியும் வைக்கலாம்.

திருமணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். கோயில் ரசீதும் மண்டபத்தில் எடுத்த ஆல்பமும் துணைச் சான்றுகள்தான். மனுவோடு ஏற்கெனவே நகல் கொடுத்திருப்பீர்கள். மும்பையில் அசலைக் காட்ட வேண்டும். இருவரில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழின் அசலும் வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் எந்தத் தாளுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

இப்போது பிசிசி. வீட்டில் சொல்வது இதில் பாதி சரி. என்விசி கேட்கும் ஆவணங்களில் அதுவும் உண்டு, இரண்டு ஆண்டு செல்லும், ஆகவே எடுக்கலாம். புது பாஸ்போர்ட் வந்த பிறகு எடுங்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட் சேவா வழியாகப் பெறுவதுதான் செல்லும். உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் கடிதம் செல்லாது. விசாரணைக்குக் காவலர் வரும்போது மனைவி அந்த முகவரியில் இருக்க வேண்டும். மாமியார் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டில் இருந்தால் தாமதமாகும்.

உங்கள் கேஸில் நண்பர்கள் யாரும் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது சிங்கப்பூர். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் 12 மாதம் அல்லது அதற்கு மேல் வசித்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றும் வேண்டும். சிங்கப்பூர்க் காவல்துறை இதைக் கிளியரன்ஸ் சான்றிதழ் என்ற பெயரில் தருகிறது. கைரேகைப் பதிவும், இந்தச் சான்றை யார் கேட்கிறார்கள் என்று காட்டும் கடிதமும் கேட்பார்கள்; என்விசியின் கடிதத்தைக் கொடுக்கலாம். கைரேகைத் தாள் அனுப்பி, பதில் வந்துசேர நாட்கள் பிடிக்கும். எல்லாத் தாளும் தயாராகி இது ஒன்றுக்காகக் காத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்; அதனால் பாஸ்போர்ட் கையில் வந்த மறுநாளே இதைத் தொடங்கச் சொல்வேன். அவர் திரும்ப அங்கே போய் வசிக்காதவரை அந்தச் சான்று காலாவதி ஆகாது.

மனைவி ஊரில் இதையெல்லாம் பார்க்கும்போது உங்கள் பக்க வேலைகளும் ஓடட்டும். என்விசிக்கு இரண்டு கட்டணம்: ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த முடியும். கட்டணம் ஏறியதும் டிஎஸ்-260 திறக்கும். 16 வயதிலிருந்து வசித்த எல்லா முகவரிகளையும், ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் அது கேட்கும். கல்லூரி விடுதி, சிங்கப்பூரில் வாடகைக்கு இருந்த அறை எதையும் விடாதீர்கள். ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்புங்கள். நீங்களே நிரப்பி அனுப்பிவிட்டால், மும்பையில் தன் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் நிற்க வேண்டிவரும்.

பெரிய தாள் ஐ-864 என்ற அந்த ஆதரவு உறுதிமொழி, அதாவது மனைவியைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவேன் என்று நீங்கள் அரசுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி. உங்கள் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். 2025 அளவுகோலில் இருவர் கொண்ட வீட்டுக்கு அது சுமார் 26,437 டாலர். ஆண்டுதோறும் மாறும், நீங்கள் கையெழுத்திடும் நாளில் இந்த அளவுகள் உள்ள ஐ-864பி தாளைப் பாருங்கள். வருமானம் போதாவிட்டால், அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஜாயின்ட் ஸ்பான்சராக, அதாவது உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்பவராக, வரலாம். அப்போதும் உங்கள் ஐ-864 கட்டாயம். நண்பரிடம் கேட்பதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இது பெயருக்குப் போடும் கையெழுத்து அல்ல. உங்களுக்குள் விவாகரத்தே ஆனாலும் பொறுப்பு விடாது. மனைவி குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்தாண்டு) வேலைக் கணக்கு சேரும் வரை, பொதுவாக அது தொடரும்.

வருமான வரியில் ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. மனைவி இந்தியாவில்தானே, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இல்லையே என்று பலர் "தனிநபர்" என்றே வரிக்கணக்கு போட்டுவிடுகிறார்கள். டிசம்பர் 31 அன்று திருமணமானவராக இருந்தால், பொதுவாக நீங்கள் திருமணமானவர் என்றுதான் தாக்கல் செய்ய வேண்டும். தனித்தனியாகவோ கூட்டாகவோ போடலாம். அந்தக் கணக்கின் அரசுப் பிரதியான டிரான்ஸ்கிரிப்ட்தான் ஐ-864-உடன் போகிறது. ஒருபக்கம் திருமணச் சான்றிதழ், மறுபக்கம் "தனிநபர்" என்று வரிக்கணக்கு. அதிகாரி கேட்டால் உங்கள் மனைவி என்ன சொல்வார், பாவம்? அப்படிப் போட்டிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்தி, அதன் நகலையும் இணையுங்கள்.

எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். என்விசி சரிபார்த்து ஆவணங்கள் நிறைவு என்று சொன்ன பிறகு நேர்காணல் தேதிக்கான வரிசையில் சேருவீர்கள். தேதியை என்விசிதான் ஒதுக்கும். தூதரகத்தில் ஆள் இருக்கிறது, முன்னதாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மின்னஞ்சலை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஓராண்டு முழுக்க எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் பதிவு ரத்தாக வாய்ப்பு உண்டு.

தேதி வந்ததும் மெடிக்கல். இதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னதன் காரணம், பரிசோதனை பொதுவாக ஆறு மாதமே செல்லும். விசாவின் ஆயுளும் அதையே ஒட்டியது. இன்று எடுத்துவிட்டு நேர்காணல் எட்டு மாதம் கழித்து வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். தூதரகம் அங்கீகரித்த பேனல் மருத்துவரிடம் மட்டும் போங்கள். பாஸ்போர்ட், நேர்காணல் கடிதம், டிஎஸ்-260 உறுதித்தாள், தடுப்பூசி அட்டை இவற்றை எடுத்துச் செல்லட்டும். சின்ன வயது தடுப்பூசி அட்டை அம்மாவின் பீரோவில் இருக்கிறதா என்று இன்றே தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் சில ஊசிகள் மிச்சம்.

நேர்காணலுக்கு மூன்று நாள் முன்புதான் போவேன் என்றும் இருக்காதீர்கள். பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் உண்டு. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் ஆகும். முன்பு காசநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் பழைய எக்ஸ்ரேயையும் மறைக்காமல் கொண்டுபோகட்டும். பழைய தழும்புதான் என்று மருத்துவர் முடிவு செய்ய அவை உதவும். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

நேர்காணலுக்கு முன்பு விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும் கொடுக்க இன்னொரு அப்பாயின்ட்மென்ட் உண்டு. நேர்காணல் கடிதம் வந்தவுடன் இதைப் பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாமல் மும்பை போய் நின்றால் பயணம் வீண்.

நேர்காணல் அன்று அசல்களும் ஒரு செட் நகலும் கையில் இருக்கட்டும். நீங்கள் உடன் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உறவு உண்மையானது என்பதற்கு நிச்சயதார்த்தம், திருமணம், நீங்கள் ஊருக்கு வந்துபோனது இவற்றின் படங்கள், பாஸ்போர்ட் முத்திரைகள், இரண்டு குடும்பமும் சேர்ந்திருக்கும் படங்கள் போதும். பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம் என்றால் அதை அப்படியே சொல்லட்டும். ஜாதகம் பார்த்தது, முதலில் போனில் பேசியது எல்லாம் உண்மைதானே. உங்கள் வேலை, ஊர், வீட்டில் யார் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் சரி. பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கூடுதல் ஆவணம் கேட்டு 221(ஜி) தாள் கொடுத்தால் அது நிராகரிப்பு முத்திரை என்று பதற வேண்டாம்; கேட்டதைக் கொடுத்தால் பெரும்பாலும் நகரும். பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வரும்வரை வேலையை ராஜினாமா செய்வதும் டிக்கெட் போடுவதும் கூடாது. வந்ததும், பயணத்துக்கு முன்பு, கிரீன் கார்டுக்கான 235 டாலர் கட்டணத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் கட்டிவிடுங்கள்.

பயண நாளைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கல்யாணத் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாவிட்டால் இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போட்டு, எல்லாச் சான்றுகளையும் மீண்டும் காட்ட வேண்டும். நிறைந்த பிறகு நுழைந்தால் பத்தாண்டு அட்டை. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, ஆகவே நேர்காணல் வருவதற்குள் அநேகமாக அது தாண்டிவிடும். சில நாட்கள் குறைந்தால் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். விசாவில் சிஆர்-1 (நிபந்தனை வகை) என்று அச்சாகியிருந்தாலும், இரண்டாவது திருமண நாள் கடந்துவிட்டது என்று நுழைவு அதிகாரியிடம் சான்றிதழைக் காட்டி ஐஆர்-1 (பத்தாண்டு அட்டை வகை) ஆக மாற்றித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.