'ஸ்டில்' என்றால் அசையாமலா, இன்னுமா?

அகராதியில் 'ஸ்டில்' (still) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அசையாமல்' என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 'ஹி இஸ் ஸ்டில் ரன்னிங்' எப்படிச் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இரண்டுமே சரிதான்.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அசைவில்லாத என்பதே பொருள். அசையாதது மாறாததும்கூட, இல்லையா? அங்கிருந்துதான் 'மாறாமல் தொடர்ந்து' என்றும், பிறகு 'இன்னும்' என்றும் பொருள் நகர்ந்தது. ஓடுகிறவர் அசைகிறார், ஆனால் ஓட்டம் நிற்காமல் தொடர்கிறது.

இடத்தைக் கவனியுங்கள், அதுதான் முக்கியம். 'ஹி இஸ் ஸ்டில் சிட்டிங்' என்றால் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். 'ஹி இஸ் சிட்டிங் ஸ்டில்' என்றால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து காற்புள்ளியும் இருந்தால் பெரும்பாலும் 'இருந்தாலும்'.

'ஸ்டில் பெட்டர்' என்றால் 'இன்னும் நன்றாக', இது நமக்குச் சிரமமே இல்லை. 'இன்னும் வரவில்லை', 'இன்னும் நன்றாக' என்று நம் 'இன்னும்' என்ற சொல்லும் இதே இரண்டு வேலைகளைச் செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

அப்புறம், சாராயம் வடிக்கும் கலனுக்கும் 'ஸ்டில்' என்றுதான் பெயர். அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது சொட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த வேறு சொல்.